145 மில்லிபார் பிழை: லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் போட்ட கணக்குகள்

1910 மே 20 காலை 7 மணி. அந்த நேரத்தில் நடு ஐரோப்பாவின் மேல் காற்று எப்படி வீசியது, அழுத்தமும் வெப்பநிலையும் எந்த உயரத்தில் எவ்வளவு என்ற அளவீடுகளை எடுத்துக்கொண்டு, மியூனிக் நகரை ஒட்டிய ஒரு கட்டத்தில் 6 மணி நேரத்துக்குள் தரைமட்டக் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கையால் கணக்கிட்டார். விடை 145 மில்லிபார் ஏற்றம் என்று வந்தது. அன்று அங்கே காற்றழுத்தம் உண்மையில் அசையவே இல்லை என்று சொல்லிவிடலாம். உலகில் இதுவரை கடல்மட்டத்தில் அளந்த மிகக் குறைந்த அழுத்தம் 870 மில்லிபார், மிக அதிகம் ஏறத்தாழ 1,085. அந்த முழு வீச்சின் மூன்றில் இரண்டு பங்கை ஒரே காலைப் பொழுதில் தாண்டச் சொன்னது அவர் கணக்கு.

அந்த விடையை அவர் மறைக்கவில்லை. 1922இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட தம் நூலில், இடைக்கணக்குகள் அத்தனையையும் 23 படிவங்களாக வரிசைப்படுத்தி அச்சிட்டார். எந்த எண் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் எதை ஊகித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் பிழையை வரிவரியாகத் தேடிப் பிடிக்க முடிந்தது அதனால்தான். பயன்பாட்டுக் கணிதத்தின் வரலாற்றில் இதைவிடப் பயன்பட்ட தவறான விடை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

ரிச்சர்ட்சனின் வாழ்நாள் வேலையில் அணை, வானிலை, கொந்தளிப்பு, போர், நாடுகளின் எல்லை என்று பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். வழிமுறை மட்டும் மாறாது. நுண்கணிதத்தில் தீர்க்க முடியாத சிக்கலைக் கூட்டல் கழித்தலாக இறக்குவார். இறக்கும்போது நேரும் பிழை எவ்வளவு, அது எப்படிக் குறையும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுவார்.

அணையும் பையன்களும்

அவர் 1881 அக்டோபர் 11 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் அபான் டைன் நகரில், போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர்களின் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை தோல் பதனிடும் தொழில் நடத்தியவர். யார்க் நகரின் பூத்தம் பள்ளி, நியூகாசிலில் ஒரு கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி. 1903இல் பட்டம் பெற்றது இயற்கை அறிவியலில். கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணிதத் தேர்வை அவர் எழுதவே இல்லை. இது கவனிக்க வேண்டிய செய்தி. நேர்த்தியான மூடிய வடிவ விடைகளைத் தேடும் பழக்கம் அவருக்கு ஊட்டப்படவில்லை. எண் விடை போதும், அது எவ்வளவு நம்பகமானது என்று தெரிந்தால் போதும் என்பதே தொடக்கத்திலிருந்து அவர் நிலை.

1906-07இல் கரிமண் எனப்படும் சதுப்பு நில எரிபொருள் தொழிலில் வேதியியலராக வேலை பார்த்தபோது, சதுப்பில் எந்த இடைவெளியில் வாய்க்கால் வெட்டினால் நீர் சரியாக வடியும் என்ற கேள்வி எழுந்தது. நீர் ஓட்டத்தை ஆளும் லாப்லாஸ் சமன்பாடு பழையதுதான். ஆனால் அதற்குக் கைவசம் இருந்த தீர்வுகள் வட்டம், செவ்வகம் போன்ற ஒழுங்கான வடிவங்களுக்கு மட்டுமே பொருந்தின. வாய்க்கால் வெட்டிய சதுப்பு அப்படி ஒழுங்காக இருக்காது. முதலில் கையால் கோடு வரைந்து தீர்க்கும் முறை ஒன்றை உருவாக்கினார். அடுத்து எண்களுக்கு வந்தார்.

அவர் முறையின் எளிய வடிவம் இது. பரப்பின் மேல் சதுரக் கட்டம் போடுங்கள். லாப்லாஸ் சமன்பாடு சொல்வது, ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரியாக இருக்க வேண்டும் என்பதே. அண்டை மதிப்புகள் 10, 20, 30, 40 என்றால் நடுவில் 25 வர வேண்டும். எல்லையில் மதிப்புகள் தெரியும். உள்ளே ஏதேனும் எண்களை ஊகித்து வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் சராசரிக்கும் இருக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி, அதில் ஒரு பங்கைச் சேர்த்துத் திருத்த வேண்டும். மறுபடி சுற்றி வர வேண்டும். வேறுபாடுகள் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சுருங்கும்வரை இதையே செய்ய வேண்டும். எந்தச் சுற்றில் எவ்வளவு பங்கைச் சேர்த்தால் பிழை விரைவில் வடியும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். எண்கணிப்புப் பாடநூல்களில் இன்றும் இது ரிச்சர்ட்சன் சுழல்முறை என்ற பெயரில் இருக்கிறது.

இந்த முறையை 1910இல் வெளிவந்த கட்டுரையில் நைல் ஆற்றின் அஸ்வான் அணைக்குப் பயன்படுத்தினார். கல் அணைகளில் தகைவு (சுமையால் பொருளுக்குள் எழும் விசை) எங்கே குவிகிறது என்பது அப்போது சூடான விவாதம். அணையின் தகைவுக்கான சமன்பாடு லாப்லாஸை விடக் கடினமானது, நான்காம் வரிசை வகைக்கெழுக்கள் கொண்டது. ஒரு புள்ளியைத் திருத்த 4 அண்டைகள் போதாது, சுற்றியுள்ள 12 புள்ளிகள் வேண்டும். நடுப்புள்ளிக்கு 20, பக்கத்து நான்குக்கும் கழித்தல் 8, மூலைவிட்ட நான்குக்கும் 2, இரண்டு கட்டம் தள்ளியுள்ள நான்குக்கும் 1 என்று பெருக்கிக் கூட்டினால் சுழி வர வேண்டும்.

இத்தனைக் கூட்டலையும் அவர் தனியாகச் செய்யவில்லை. பையன்களை வைத்துக் கூலி கொடுத்துச் செய்வித்தார். கூலிக்கும் ஒரு சூத்திரம் இருந்தது. எண்ணில் எத்தனை இலக்கமோ அதை 18ஆல் வகுத்து அத்தனை பென்ஸ், ஒரு புள்ளிக்கு. மூன்று இலக்க எண் என்றால் பென்னியில் ஆறில் ஒரு பங்கு. விரைவான பையன் ஒருவன் வாரத்துக்கு 2,000 கணக்குகள் முடித்தான். அந்த விகிதத்தில் அது வாரத்துக்குச் சுமார் 333 பென்ஸ். தவறாகப் போட்டவை கணக்கில் சேரா. பையன்கள் அதிகம் தடுமாறியது கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கலந்து வந்த இடங்களில் என்று கட்டுரையிலேயே குறித்திருக்கிறார். மனிதன் எங்கே தவறுவான் என்பதும் அவருக்குப் பிழைக்கணக்கின் ஒரு பகுதி.

அதே காலத்தில் தொடங்கி 1927 வரை அவர் செம்மைப்படுத்திய இன்னொரு உத்தி, கட்டத்தை மேலும் மேலும் சிறிதாக்காமலே துல்லியத்தைக் கூட்டுவது. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒன்றாகிறது என்று தெரிந்தால், இரு விடைகளையும் வைத்துக்கொண்டு பிழையை ஏறக்குறைய நீக்கிவிடலாம். சிறிய கட்டத்தில் வந்த விடையை 4ஆல் பெருக்கி, பெரிய கட்டத்தில் வந்த விடையைக் கழித்து, 3ஆல் வகுக்க வேண்டும். பை (π) எண்ணின் மதிப்பில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஓரலகு ஆரமுள்ள வட்டத்துக்குள் வரைந்த அறுகோணத்தின் அரைச்சுற்றளவு 3. பன்னிருகோணத்துக்கு 3.105829. நான்கு மடங்கு 12.423314, அதில் 3 போக 9.423314, மூன்றால் வகுத்தால் 3.141105. வட்டத்துக்குள் 96 பக்கம் வரைந்து நேராகக் கணக்கிட்டால் கிடைப்பது 3.141032. ஆறும் பன்னிரண்டும் சேர்ந்து தொண்ணூற்றாறை முந்திவிடுகின்றன.

இதில் ஒரு பொறி உண்டு. பிழை கட்ட அளவின் இருமடிப்படிதான் குறைகிறது என்பது உறுதியாக இருக்க வேண்டும். எல்லையில் கூர்முனை இருந்தாலோ கட்டம் மிகப் பெரிதாக இருந்தாலோ அந்த விகிதம் உடைந்துபோகும். அப்போது இந்த உத்தி நம்பத்தகாத இலக்கங்களைத் துல்லியம்போல் காட்டும். மூன்று கட்ட அளவுகளில் விடை கண்டு, அடுத்தடுத்த வேறுபாடுகளின் விகிதம் 4ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. கணினி வழிப் பாய்ம இயக்கவியலில் வேலை செய்பவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள்.

வைக்கோல் மேல் வானிலை

1913இல் பிரிட்டிஷ் வானிலைத் துறை அவரை ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் ஆய்வகத்துக்குக் கண்காணிப்பாளராக்கியது. அக்காலத்தில் வானிலை முன்னறிவிப்பு என்பது இன்றைய வரைபடத்தைப் போன்ற பழைய வரைபடத்தைத் தேடி, அப்போது மறுநாள் என்ன நடந்ததோ அதையே எதிர்பார்ப்பது. வளிமண்டலத்தை இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணிக்க முடியும் என்று நார்வேயின் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் 1904இல் சொல்லியிருந்தார். ஆனால் அந்தச் சமன்பாடுகளுக்கு அவர் நாடிய வழி வரைபட முறை. அணைக்குச் செய்ததையே காற்றுக்கும் செய்யலாம் என்று கண்டவர் ரிச்சர்ட்சன்.

முதல் உலகப் போர் மூண்டது. குவேக்கர் என்ற முறையில் ஆயுதம் எடுக்க மறுத்த அவர், 1916இல் ஆய்வகப் பதவியை விட்டு நண்பர்கள் ஆம்புலன்ஸ் அணியில் சேர்ந்து, பிரெஞ்சுப் படையின் 16ஆம் காலாட்படைப் பிரிவோடு இணைந்த வண்டி அணியில் காயமுற்றோரை ஏற்றிச் சென்றார். ஓய்விடத்தில் ஒரு வைக்கோல் குவியலே அலுவலகம். படிவங்களை வரைந்து, இரண்டே செங்குத்துக் காற்றுத் தூண்களுக்குக் கணக்கை முடிக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆனது. பெரும்பாலும் 10 அங்குல நழுவு சட்டம்தான் (ஸ்லைடு ரூல்) கருவி. 1917 ஏப்ரலில் ஷாம்பெயின் சண்டையின்போது பின்னணிக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி தொலைந்தது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

கணக்கின் அமைப்பு இப்படி. வரைபடத்தைச் சதுரங்கப் பலகைபோல் பிரித்தார். வடக்குத் தெற்காக 200 கி.மீ., கிழக்கு மேற்காக 3 பாகை தீர்க்கரேகை. கறுப்புக் கட்டத்தில் அழுத்தம், வெள்ளைக் கட்டத்தில் காற்றின் உந்தம். உயரத்தில் சுமார் 2.0, 4.2, 7.2, 11.8 கி.மீ. ஆகிய மட்டங்களில் வெட்டி 5 அடுக்குகள். ஒவ்வொன்றிலும் காற்றின் நிறை ஏறத்தாழ ஒன்றே. காலத்தில் 3 மணி நேரத் தப்படி. அதாவது 7 மணிக்கு உள்ள மாறுவேகத்தைக் கணக்கிட்டு, 4 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட 6 மணி நேர மாற்றத்தைப் பெறுவது.

அழுத்தக் கட்டத்தில் முதலில் ஒவ்வொரு அடுக்கிலும் நான்கு பக்கமும் உள்ளே வரும் காற்றையும் வெளியே போகும் காற்றையும் கணக்கிட வேண்டும். ஐந்து அடுக்கின் நிகர வரவையும் கூட்டினால் அந்தத் தூணில் ஏறிய காற்றின் நிறை கிடைக்கும். அதுவே தரையில் அழுத்த மாற்றம். அடுத்து செங்குத்துக் காற்று, ஈரப்பதம், வெப்பம். உந்தக் கட்டத்தில் அழுத்தச் சரிவும் புவிச்சுழற்சியால் வரும் கொரியாலிஸ் விசையும் சேர்ந்து காற்றை எப்படி மாற்றுகின்றன என்பது. மண்ணில் நீர் ஊறுவது, இலைகளின் வழியே நீராவி வெளியேறுவது ஆகியவற்றுக்குக்கூட நூலில் இடம் ஒதுக்கியிருக்கிறார். இத்தனை நுணுக்கமும் அந்த முதல் வரியிலேயே அடிபட்டுப்போனது.

ஏன் தவறியது

அடிக்கடி சொல்லப்படும் காரணம், காலத் தப்படி மிக நீளம் என்பது. கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி மூவரும் 1928இல் நிறுவிய நிபந்தனைப்படி, ஒரு தப்படி நேரத்துக்குள் சமன்பாட்டின் மிக வேகமான அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. வளிமண்டலத்தின் மிக விரைவான ஈர்ப்புசார் அலைகள் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் ஓடும். (குளத்தில் கல் எறிந்தால் எழும் அலையின் உறவுக்காரர்கள் இவை. விண்வெளியின் ஈர்ப்பலைகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) 200 கி.மீ. கட்டத்துக்கு அதிகபட்சம் 11 நிமிடத் தப்படிதான் தாங்கும். ரிச்சர்ட்சன் எடுத்தது 3 மணி நேரம். அதற்குள் அந்த அலை 3,200 கி.மீ.க்கு மேல் போய்விடும்.

கணக்கைத் தொடர்ந்து நீட்டியிருந்தால் அது இதனால் வெடித்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அவர் போட்டது ஒரே தப்படி. பிழை பெருகிப் பெருகி வளர அங்கே வாய்ப்பே இல்லை. 145 மில்லிபார் வந்தது தொடக்க மாறுவேகத்திலிருந்தே. ஆகவே குற்றம் தொடக்க எண்களில்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஓர் அழுத்தக் கட்டத்தின் இருபுறமும் உள்ள உந்தப் புள்ளிகளுக்கு இடையே 400 கி.மீ. அவற்றில் ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து அடுக்கிலும் காற்றின் வேகத்தை நொடிக்கு வெறும் 1 மீட்டர் ஒரே திசையில் தவறாக எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 1 மீட்டரை 4,00,000 மீட்டரால் வகுத்து, 1,000 மில்லிபாராலும் 6 மணி நேரத்தின் 21,600 நொடியாலும் பெருக்கினால் 54 மில்லிபார். காற்றில் நொடிக்கு 1 மீட்டர் பிழை, அழுத்தத்தில் 54 மில்லிபார் பிழை! அன்றைய பலூன் அளவீடுகள் மிகச் சில இடங்களில் மட்டுமே எடுத்தவை. இடைப்பட்ட இடங்களை ஊகித்தே நிரப்ப வேண்டியிருந்தது. அதில் நொடிக்கு 3 மீட்டர் தவறுவது வியப்பில்லை.

உண்மையான வளிமண்டலத்தில் கீழ் அடுக்குகளில் காற்று குவிந்தால் மேல் அடுக்குகளில் விரியும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது சிறு எச்சம், அதுவே நாம் காணும் அழுத்த மாற்றம். பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும் கணக்கு எதிலும் உள்ளீட்டுப் பிழை பூதாகரமாகும். ரிச்சர்ட்சனின் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசைவாக இல்லை. அந்த இசைவின்மை முழுவதும் வேகமான ஈர்ப்புசார் அலையாக மாறி, அதன் முதல் எழுச்சியே விடையில் வந்து நின்றது. தொடக்கக் காற்று அளவீடுகளே சிக்கலின் ஊற்று என்று அவரே நூலில் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

அயர்லாந்தைச் சேர்ந்த வானிலையியலாளர் பீட்டர் லிஞ்ச், ரிச்சர்ட்சனின் முறையையும் எண்களையும் கணினியில் அப்படியே ஓட்டி, அதே 145ஐ மீண்டும் பெற்றுக் காட்டினார். கைக்கணக்கில் பெரிய சறுக்கல் எதுவும் இல்லை என்பது இதனால் உறுதியானது. பிறகு தொடக்க எண்களிலிருந்து வேகமான அலைவுகளை வடிகட்டி நீக்கி, அதே சமன்பாடுகளை ஓட்டினார். மாற்றம் 1 மில்லிபாருக்கும் கீழே வந்தது. முறை சரி, கணக்கு சரி, உள்ளே போன காற்று மட்டும் சரியில்லை.

தொடக்க நிலையைச் சமப்படுத்துதல் என்ற இந்த வேலை வானிலைக் கணிப்பு மையங்களில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. 1940களின் பிற்பகுதியில் ஜூல் சார்னி வேறு வழி எடுத்தார். வேகமான அலைகளுக்கு இடமே இல்லாதபடி சமன்பாடுகளையே எளிமையாக்கினார். அந்த வழியில் சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நாய்மன் மூவரும் எனியாக் கணினியில் 1950இல் 24 மணி நேரக் கணிப்புகளைச் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 24 மணி நேரமே ஆனது. முடிவுகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் மனைவி டாரதி தொடக்க வரைபடத்தையும் கணித்த வரைபடத்தையும் உண்மை வரைபடத்தோடு கண்ணால் ஒப்பிட்டுச் சொன்ன தீர்ப்புகளையும் சேர்த்து, ரிச்சர்ட்சன் பாராட்டிப் பதில் எழுதினார்.

அவர் நூலில் உலகப் புகழ் பெற்ற இன்னொரு பகுதி 64,000 பேர் உட்கார்ந்து கணக்குப் போடும் கற்பனைக் கூடம். கோளவடிவ அரங்கு, சுவரெங்கும் உலக வரைபடம், நடுவில் மேடைமேல் ஒருவர். முந்திப்போகும் பகுதிமேல் இளஞ்சிவப்பு ஒளி, பின்தங்கும் பகுதிமேல் நீல ஒளி வீசி எல்லோரையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பார். இணைச் செயலிகளை ஒத்திசைக்கும் இன்றைய சிக்கலை அவர் அப்போதே கண்டிருக்கிறார். ஆனால் எண்ணிக்கையில் ஒரு வழு உண்டு. 32 பேர் இரு கட்டங்களைக் கவனித்தால் வானிலையோடு சமமாக ஓட முடியும் என்பது அவர் மதிப்பீடு. உலகம் முழுவதும் 3,200 தூண்கள், வெப்பமண்டலத்தில் சிலவற்றை விட்டுவிட்டால் 2,000, ஆக 32 பெருக்கல் 2,000 என்று 64,000க்கு வருகிறார். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கி.மீ. அதை 200 கி.மீ. சதுரத்தின் 40,000ஆல் வகுத்தால் 12,750 கட்டங்கள் வரும். ஆக, ஒரு இணைக்கு 32 பேர் என்றாலே இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

கொந்தளிப்பு

போருக்குப் பின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் பென்சன் ஊரில் மீண்டும் வானிலைத் துறை வேலை. 1920இல் அத்துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் விலகினார். அதன் பின் வெஸ்ட்மின்ஸ்டர் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர், 1929 முதல் 1940 வரை பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரி முதல்வர். 1926இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி எதுவும் அவர் வாழ்வில் வரவில்லை.

1920இல் அவர் தந்த அளவை இன்று ரிச்சர்ட்சன் எண் என்கிறார்கள். அடுக்கடுக்காக இருக்கும் காற்று கலங்குமா, அமைதியாகவே இருக்குமா என்று சொல்வது அது. மேலே வெப்பமான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்றால் கலப்பதற்கு எடையைத் தூக்கும் வேலை செய்ய வேண்டும். உயரத்தோடு வேகம் மாறினால் அந்த வேலைக்கான ஆற்றல் கிடைக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுப்பதே இந்த எண். வெப்பநிலை 300 கெல்வின், நிலை வெப்பநிலை (காற்றை ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் இருக்கும் வெப்பநிலை) 100 மீட்டருக்கு 1 பாகை ஏற்றம், காற்று 100 மீட்டருக்கு நொடிக்கு 2 மீட்டர் கூடுகிறது என்றால் விடை 0.82. காற்று அதே உயரத்தில் 4 மீட்டர் கூடினால் 0.20. அடுக்கோட்டம் நிலைகுலைய வேண்டுமானால் எங்கேனும் இந்த எண் 0.25க்குக் கீழே போயாக வேண்டும் என்று 1961இல் மைல்ஸும் ஹோவர்டும் நிறுவினார்கள். முதல் நிலையில் விமானம் அமைதியாகப் போகும், இரண்டாவதில் குலுங்கக்கூடும். தெளிவான வானத்தில் வரும் குலுக்கத்தை எச்சரிக்க இன்றும் இந்த எண் பயன்படுகிறது. அளவிடும்போது ஏற்படும் வழக்கமான தவறு, மிகத் தடித்த அடுக்கின் சராசரியை எடுப்பது. 1,000 மீட்டரின் சராசரியில் நிலையாகத் தெரியும் காற்றுக்குள் 50 மீட்டர் மென்படலம் ஒன்று கொந்தளித்துக்கொண்டிருக்கலாம்.

1926இல் இன்னொரு விதி. புகை பரவும் வேகத்தைக் குறிக்கும் விரவல் கெழு நிலையான எண் அல்ல, புகைமேகம் பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடும், மேக அளவின் 4/3 அடுக்குப்படி. மேகம் 10 மடங்கானால் கெழு 21.5 மடங்கு. சிறிய மேகத்தைப் பெரிய சுழல் அப்படியே தூக்கிக்கொண்டு போகும், பிய்க்காது. மேகம் சுழலின் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அந்தச் சுழல் அதைக் கலைக்கத் தொடங்கும். 1941இல் கொல்மோகரோவ் தந்த கொள்கை இந்த 4/3ஐ வேறு வழியில் விளக்கியது. கடலில் இதைச் சோதிக்க 1948இல் ஹென்றி ஸ்டொமெலோடு சேர்ந்து ஸ்காட்லாந்தின் கடல் நீர்க்கழி ஒன்றில் பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, இரண்டு இரண்டாக அவற்றின் இடைவெளி மாறுவதை அளந்தார். கிழங்கு நீரில் ஏறக்குறைய முழுவதும் அமிழ்ந்தே மிதக்கும், ஆகவே மேற்காற்று அதைத் தள்ளாது. வெள்ளையாக இருப்பதால் தூரத்திலிருந்தும் தெரியும்.

மேல்காற்றுப் பரவல் ஆய்வில் மிகுந்த ஆர்வம் காட்டியவர்கள் நச்சுவாயு வல்லுநர்கள் என்று தெரிந்ததும் அவர் அந்த வேலையை நிறுத்தி, வெளியிடாதவற்றை அழித்துவிட்டதாக அவர் மனைவி பதிந்திருக்கிறார்.

போரின் எண்கள்

பிற்பாதி வாழ்வு, போர் ஏன் மூள்கிறது என்ற கேள்விக்குப் போனது. இதற்காகவே உளவியல் படித்து 1929இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். இரு தரப்பின் ஆயுதச் செலவுக்கு இரு சமன்பாடுகள் எழுதினார். எதிர்த்தரப்பின் செலவு நம் செலவை ஏற்றும், நம் செலவின் சுமை அதை இறக்கும், பழம்பகை ஒரு மாறிலி. சுமைக்கெழுக்கள் இரண்டின் பெருக்கல், அச்சக்கெழுக்கள் இரண்டின் பெருக்கலை விடப் பெரிதாக இருந்தால் செலவுகள் ஒரு நிலையில் அடங்கும். சிறிதாக இருந்தால் ஓட்டம் தறிகெட்டுப் போகும்.

பிரான்ஸ், ரஷ்யா ஒரு பக்கம், ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி மறுபக்கம் என்று 1909 முதல் 1913 வரை ஆயுதச் செலவைக் கூட்டினார். மொத்தம் 199.2 மில்லியன் பவுண்டிலிருந்து 289.0க்கு ஏறியிருந்தது. ஆண்டு ஏற்றங்கள் 5.6, 10.1, 23.8, 50.3. இந்த ஏற்றங்களை அந்தந்த இடைக்கால மொத்தத்துக்கு எதிரே குறித்தால் நான்கு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வியப்பூட்டும்படி விழுந்தன. கோடு சுழியைத் தொடுவது 194 மில்லியன் பவுண்டில். அதற்குக் கீழே செலவு இருந்திருந்தால் போட்டி தணிந்திருக்கலாம் என்பது பொருள். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். நான்கே புள்ளிகள், கோட்டை நிர்ணயிக்க இரண்டு எண்கள். இவ்வளவு குறைந்த சான்றில் நேர்கோடு எதையும் நிறுவிவிடாது. மக்கள் நின்று சிந்திக்காவிட்டால் என்ன செய்வார்களோ அதையே தம் சமன்பாடு வருணிக்கிறது என்று அவரும் எல்லை வகுத்தே வைத்தார்.

புள்ளிவிவர வேலை இதைவிடத் திடமானது. ஒரு சண்டையில் இறந்தவர் எண்ணிக்கையின் பத்தடிமான மடக்கையை அதன் பருமம் என்றார். ஒரு கொலை 0, 10,000 சாவு 4, உலகப் போர்கள் 7. மடக்கை எடுத்ததில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. சாவு எண்ணிக்கையில் வரலாற்றாசிரியர்கள் இரண்டு மடங்கு முரண்பட்டாலும் பருமத்தில் அது 0.3தான் மாறும். 1820 முதல் 1929 வரை 110 ஆண்டுகளில் பருமம் 4 ஒட்டிய போர்கள் எத்தனை மூண்டன என்று எண்ணினார். ஒன்றும் மூளாத ஆண்டுகள் 65, ஒன்று மூண்டவை 35, இரண்டு 6, மூன்று 4. எந்த ஆண்டிலும் சம வாய்ப்போடு தற்செயலாக நிகழும் நிகழ்வுகளுக்கான பாய்சான் பரவல் எதிர்பார்ப்பது 64.3, 34.5, 9.3, 1.7. ஒட்டுமொத்த உலகை எடுத்துக்கொண்டால் போர் மூள்வதில் பருவமோ சுழற்சியோ தென்படவில்லை.

அவர் 1953 செப்டம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தின் கில்மன் ஊரில் காலமானார். போர் பற்றிய இரு நூல்களும் முறையாக அச்சேறியது 1960இல்.

அண்டை நாடுகளுக்கிடையே எல்லை நீளமாக இருந்தால் போருக்கு வாய்ப்பு அதிகமா என்று பார்க்கப் போனபோது ஓர் இடையூறு வந்தது. ஸ்பெயின்-போர்ச்சுகல் எல்லை ஒரு நூலில் 987 கி.மீ., இன்னொன்றில் 1,214. நெதர்லாந்து-பெல்ஜியம் எல்லை 380, 449. அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கவராயத்தை எடுத்து வரைபடத்தின் மேல் நடத்தினார். கவராயத்தின் கால் அகலத்தைக் குறைக்கக் குறைக்க நீளம் கூடிக்கொண்டே போனது, நிற்கவில்லை. மடக்கைத் தாளில் குறித்தால் நேர்கோடு. பிரிட்டனின் மேற்குக் கரைக்குச் சரிவு 0.25. அதாவது தப்படியைப் பாதியாக்கினால் நீளம் 19 விழுக்காடு கூடும். வழுவழுப்பான தென்னாப்பிரிக்கக் கரைக்கு 0.02, பாதியாக்கினால் 1.4 விழுக்காடு மட்டுமே. அணையிலும் பையிலும் கட்டத்தைச் சிறிதாக்கினால் விடை ஓர் எல்லையை நோக்கி அடங்கும். இங்கே அப்படி ஓர் எல்லையே இல்லை. இந்த அளவீடுகள் 1961இல் அதிகம் பேர் படிக்காத ஓர் ஆண்டு மலரில் வந்தன. 1967இல் பெனுவா மாண்டல்புரோ அவற்றைக் கண்டெடுத்து, 0.25ஓடு 1ஐக் கூட்டி, பிரிட்டன் கரைக்கு 1.25 பரிமாணம் என்று எழுதினார்.